தக்கைப்பூண்டு விற்ற வருஷம்

விதைக் கடை வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு: சரக்கு சரியில்லை என்றால் வாங்கிப் போனவர் அன்றைக்கே திரும்பி வரமாட்டார், இரண்டு மூன்று மாதம் கோபத்தை நன்றாக வளர்த்துக்கொண்டு, துணைக்கு மச்சானையும் அழைத்துக்கொண்டு வருவார். ஸ்வீட் கடைக்காரரெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். அல்வா கெட்டுப்போனால் மறுநாளே தெரிந்துவிடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நானோ விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் என் கடை. மொபைல் போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. ஊரைச் சுற்றியிருந்த கழனிகள் ஒவ்வொன்றாக 'நகர்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த கழனிக்காரர்கள் கடைக்கு வந்தால் ஒரே பாட்டுதான்: யூரியா போட்டுப் போட்டு மண் இறுகிவிட்டது, நெல்லைவிடக் களைதான் செழிப்பாக வருகிறது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒரு வருஷம் துணிந்து தக்கைப்பூண்டும் சணப்பும் மூட்டை மூட்டையாக இறக்கினேன். நெல்லுக்கு முன்னால் இவற்றை நெருக்கமாக விதைத்துவிட்டால் வெயில் தரையைத் தொடாது, களை மூச்சு முட்டிப் போகும். பூ வைக்கிற பருவத்தில் அப்படியே மடக்கி உழுதால் மண்ணுக்கு உரம். இறக்கிவிட்டேனே தவிர, அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

முதல் வாடிக்கையாளர்

பாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நெல் விதை வாங்க வந்தார். நல்ல சுபாவம், நிதானமாகக் கேட்டுக்கொள்வார். இவரிடம் ஆரம்பிப்போம் என்று தக்கைப்பூண்டை ஒரு கை அள்ளிக் காட்டினேன். "இத வெதைச்சு, பூ எடுக்கறப்போ மடக்கி ஓட்டிடணும்" என்றேன். "சரி, அறுக்கறது எப்போ?" என்றார். அறுக்கக் கூடாது என்றேன். "மாட்டுக்காவது ஆகுமா?" என்றார். மாட்டையும் விடாமல் இருந்தால் நல்லது என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்த நாகப்பனைப் பார்த்தார். நாகப்பன் எங்கள் கடையில் எடை போடுகிறவர், என்னைவிட மூத்தவர். 'உங்க முதலாளிக்கு உடம்பு எப்படி இருக்கு?' என்று விசாரிக்கிற பார்வை அது. நாகப்பன் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வந்தவர் நெல் விதையை மட்டும் கட்டிக்கொண்டு, வாசல்படியில் நின்று சொன்னார்: "நட்டப்படறதுன்னா நானே பட்டுக்குவேங்க, அதுக்கு வெத வேற வாங்கணுமா?"

கேரி பேக்கில் வந்த கோரை

கலாவதி மட்டும் அப்படிக் கேட்கவில்லை. உழவர்கரையில் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், வில்லியனூர் தாண்டி ஒரு கிராமம். வந்த வேகத்தில் ஒரு கேரி பேக்கை என் மேஜைமேல் கவிழ்த்தார். வேரும் கிழங்குமாகக் கோரைப்புல். "இதுக்கு மருந்து குடுங்கண்ணா. ரெண்டு தரம் அடிச்சிட்டேன், குளிச்சிட்டு வந்த மாதிரி பளபளன்னு நிக்குது."

விசாரித்தால் விஷயம் கோரையோடு நிற்கவில்லை. நிலம் அவர் கணவர் தனசேகருக்கும் கொழுந்தனார் ரவிக்கும் பொது. ரவி டவுனில் மனை விற்கிற ஆபீஸில் வேலை செய்கிறார். போன இரண்டு சம்பாவும் கோரையோடு போய்விட்டதால், இந்தச் சம்பாவும் கவிழ்ந்தால் நிலத்தை மனையாக்கிவிடுவது என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு. "கம்பெனிய இன்னிக்கு மூடுவானோ நாளைக்கு மூடுவானோ தெரியாது. சோத்துக்கு நெல்லு வீட்ல இருந்தா எனக்குப் பயம் இல்லண்ணா" என்றார். மற்றவர்களுக்கு விதை விற்றால் ஒரு போகத்துக்குத்தான் பொறுப்பு. இங்கே நிலமே என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பொய் சொல்ல மனம் வரவில்லை. தக்கைப்பூண்டை இடைவெளி இல்லாமல் நெருக்கி விதைத்தால் கோரை அடங்கும், ஆனால் ஒரே வருஷத்தில் அடியோடு ஒழியாது என்று உள்ளதைச் சொன்னேன். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தக் கிழங்குகளைக் கேரி பேக்கில் திரும்ப அள்ளிப் போட்டபடி சொன்னார்: "போவாட்டி பரவால்லண்ணா, நெல்லுக்கு மேல அது தெரியாம இருந்தா போதும்."

முசேயின் தென்னந்தோப்பு

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். சந்தில் எல்லோருக்கும் அவர் 'முசே'தான், பிரெஞ்சில் 'ஐயா'. கடைக்குள் வரும்போது வணக்கத்துக்கு 'போன்ழூர்', போகும்போது நன்றிக்கு 'மெர்சி', நடுவில் சுத்தமான புதுச்சேரித் தமிழ். தன் தென்னந்தோப்பில் களை தாங்கவில்லை என்றார். சணப்பு விதை கொடுத்து, பூ எடுத்ததும் மடக்கி உழச் சொல்லி அனுப்பினேன். பட்டாளத்து மனுஷர், சொன்னபடி செய்வார் என்று அவரைப் பற்றி மட்டும் கவலைப்படாமல் இருந்தேன்.

சணப்பு பூத்தது. தோப்பு முழுக்க மஞ்சள். அவர் மனைவி அதைப் பறித்து வீட்டு மாதா சொரூபத்துக்கு வைத்தார். பிறகு அக்கம்பக்கத்து வீட்டு மாதாக்களுக்கும் போனது. பிறகு மாதா கோயில் தேருக்கு வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று அந்த அம்மாளின் உத்தரவு. ராணுவத்தில் மேலதிகாரி பேச்சைத் தட்டாத முசே, இங்கும் தட்டவில்லை. தேர் முடிந்து பவர் டில்லர் உள்ளே இறங்கியபோது சணப்பு முற்றி நாராகியிருந்தது. நார் கத்தியில் சுற்றிக்கொண்டு வண்டி நடுத்தோப்பில் நின்றுவிட்டது. டில்லர்காரர் உட்கார்ந்து அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்திருக்கிறார்.

மறுநாள் முசே கடைக்கு வந்தார். போன்ழூர் சொல்லவில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். "பூவு ரொம்ப அழகு, கடைக்காரரே. தண்டுக்குத்தான் பாசம் ஜாஸ்தி, புடிச்சா வுட மாட்டேங்குது."

கொழுந்தனார் களை எடுத்தார்

ஆனி மாதம் விதைத்த கலாவதியின் தக்கைப்பூண்டு முழங்காலைத் தாண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் கடை சாத்துகிற நேரத்துக்கு போன் வந்தது. "ரவி கயனியில எறங்கி என்னமோ பண்ணிட்டாருண்ணா" என்பதற்கு மேல் கலாவதிக்குப் பேச வரவில்லை. ஷட்டரை நாகப்பனிடம் விட்டுவிட்டு மொபெட்டை எடுத்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான்: மனை விற்கிறவர், அண்ணி ஜெயித்துவிடப் போகிறாரே என்று வேலையைக் காட்டிவிட்டார்.

போய்ப் பார்த்தால் வயலெல்லாம் பச்சைக் காடாக நிற்க, மோட்டார் கொட்டகைப் பக்கத்து மூலை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அங்கே ஒரு தக்கைப்பூண்டுகூட இல்லை. கோரை மட்டும் வரிசை பிசகாமல் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் தண்ணீர் வேறு பாய்ச்சியிருந்தது. வரப்பில் ரவி நின்றிருந்தார், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு, அண்ணி பாவம் ஒண்டியாகக் கஷ்டப்படுகிறாரே என்று காலையிலிருந்து வெயிலில் குனிந்து களை எடுத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து டவுனில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். கழனியைப் போட்டோவிலும் பத்திரத்திலும்தான் அதிகம் பார்த்திருக்கிறார்.

கலாவதி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு நிஜமாகவே நிம்மதி. சதி இல்லை, வெறும் தப்பு. தப்பை மன்னிக்கலாம், ஒரு மூலைதானே போகட்டும் என்று தேற்றிக்கொண்டு, எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டேன். ரவி பெருமையாகச் சொன்னார்: "நெல்லு நாத்து மாதிரி இருந்ததுல ஒன்னுகூட கை வெக்கலீங்க, செடி செடியா இருந்தத மட்டும்தான் புடுங்கிப் போட்டேன்!"

ஆடி அமாவாசை

எங்கள் ஊரில் ஆடி அமாவாசை அன்று காலையில் பெரிய மார்க்கெட்டில் அகத்திக்கீரை கிடைப்பது குதிரைக் கொம்பு. முன்னோர்களை நினைத்து மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்க ஊரே கிளம்பிவிடும். கலாவதியின் வயலுக்குப் பக்கத்தில் முளைத்த புது நகரில் குடியிருக்கிறவர்கள் அவ்வளவு தூரம் போவானேன் என்று யோசித்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் வயல் கொள்ளாத அகத்திக்கீரை தெரிகிறதே. தக்கைப்பூண்டும் அகத்தியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். தூரத்துப் பார்வைக்கு இலையும் கிட்டத்தட்ட அப்படித்தான். கலாவதி வருவதற்குள் வரப்போரம் நீளத்துக்கு மொட்டையடித்து, கட்டுக் கட்டாக மாட்டுக்குப் போய்விட்டது.

கலாவதி ஓடிப்போய், அது அகத்தி இல்லை, தக்கைப்பூண்டு என்று சொல்ல, நகர்க்காரர்களுக்கு ஒரே கலக்கம். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ, முன்னோர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து, போன் நம்பர் வாங்கி, அவர்களில் ஒரு அம்மாளை விட்டு என்னையே கூப்பிட்டுவிட்டார்கள். மாடு தின்றால் கெடுதல் இல்லை, வெட்டிய இடத்தில் மறுபடி தழைத்துவிடும் என்று நான் சொன்ன பிறகுதான் அவர்களுக்கும் மூச்சு வந்தது, எனக்கும். சாயங்காலம் அதே அம்மாள் மறுபடி கூப்பிட்டு, கவலைப்படாதீர்கள் என்று எனக்கே தைரியம் சொன்னார்: "மாடு ஆசையாத் தின்னுடுச்சுங்க. எங்க மாமனார் மாமியாரும் இதுவரைக்கும் ஒன்னும் சொல்லல."

டிராக்டர் நின்றது

ஆவணி பிறந்தது. அங்கங்கே பூ தலைகாட்டியது. முசேயின் நார் என் கண்ணிலேயே நின்றதால், கலாவதிக்குத் தினமும் போன் போட்டு டிராக்டர் வந்துவிட்டதா என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். வந்த அன்றைக்கு நானே நேரில் போனேன். டிராக்டர் இருந்தது, டிரைவர் இருந்தார், சத்தத்தைக் காணோம். தனசேகர் டிராக்டருக்கு முன்னால் வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

தனசேகரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கம்பெனி ஷிப்டு, வீடு, தூக்கம் என்று இருக்கிற மனுஷர், வயல் விவகாரத்தை மனைவியிடம் விட்டவர் என்றுதான் கேள்வி. ஆனால் கொஞ்ச நாளாக ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். "ரெண்டு வருஷமா இந்த நெலத்துல நான் பார்த்ததெல்லாம் கோரதாங்க" என்றார் என்னிடம், என் முகத்தைப் பார்க்காமல். "இப்பதான் ஒன்னு ஆளு ஒசரம் நிக்குது. அத எப்படிங்க உசுரோட மிதிக்கறது?" நான் மண் வளம், தழைச்சத்து என்று கடையில் சொல்கிறதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே அது நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி இருந்தது. டிரைவர் அடுத்த கழனிக்குப் போக வேண்டும் என்று வாட்சைப் பார்த்தார். இன்றைக்கு விட்டால் அவர் எப்போது வருவாரோ, அதற்குள் தண்டு முற்றிவிடும், நடவு தள்ளிப்போகும், சம்பா போச்சு, நிலமும் போச்சு.

கலாவதி வீட்டுக்குப் போய் அரிவாளும் கற்பூரமும் எடுத்து வந்தார். அந்தக் குடும்பத்தில் நெல் அறுப்பதற்கு முன்னால் முதல் கைப்பிடியை அறுத்துக் கட்டி, வரப்பில் கற்பூரம் காட்டி, அதைக் கொண்டுபோய் வீட்டு நிலைவாசலில் கட்டுவது வழக்கம். கலாவதி வயலில் இறங்கி, பூவோடு இருந்த தக்கைப்பூண்டை ஒரு கைப்பிடி அறுத்து, நாரால் கட்டி, கற்பூரம் காட்டினார். கட்டைக் கணவர் கையில் கொடுத்தார். தனசேகர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு வழியைவிட்டு ஒதுங்கினார். கலாவதி டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "அறுப்பு முடிஞ்சிடுச்சு. நீங்க ஓட்டுங்க."

மூலையில் ஒரு வேண்டுதல்

மடக்கி உழுது தண்ணீர் கட்டிய வயல் ஒரு வாரத்துக்கு நாறும். நகர்க்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு வயலைச் சேறாக உழுது சேடை ஓட்டி நடவு முடிந்தது. அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை, கவலைப்படுவதைத் தவிர. மழை பெய்தால் கோரை வந்துவிடுமோ, பெய்யாவிட்டால் வந்துவிடுமோ என்று நான் புலம்ப, நாகப்பன் எதற்கும் இருக்கட்டும் என்று வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் பாட்டிலைக் கல்லாப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

களையெடுப்புக்குக் கலாவதி ஆள் சொல்லியிருந்தார். போன இரண்டு வருஷமும் இந்தக் கழனியில் முதுகொடிந்த பெண்கள், இந்த முறை இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து இறங்கினார்கள். தூக்கைத் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. கோரை அங்கங்கே நோஞ்சானாகத்தான் எட்டிப் பார்த்தது. மோட்டார் கொட்டகை மூலையில் மட்டும் நெல்லை மூழ்கடித்துக்கொண்டு பழைய ஜோரில் நின்றது. ஒரே மண், ஒரே தண்ணீர். தக்கைப்பூண்டு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் கயிறு கட்டின மாதிரி கோடு தெரிந்தது. அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்த ரவி அந்தக் கோட்டில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாராம். களையெடுத்த பெண்களில் மூத்தவரான அஞ்சலை மரியாதையாக ஒதுங்கி நின்று கேட்டிருக்கிறார்: "அந்த மூலையில மட்டும் கோரைய அப்படியே வுட்டு வெச்சிருக்கீங்களே, எதுனா வேண்டுதலாங்க?"

வெள்ளைக் கற்கள்

பொங்கல் முடிந்த வாரம் அறுப்பு. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் நல்ல சேதியா கெட்ட சேதியா என்று புரியாமல், மத்தியானம் மொபெட்டில் போனேன். தூரத்தில் இருந்தே தெரிந்தது: ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து, பொன்னாக நெல் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கிட்டே போனேன். வண்டியை நிறுத்தக்கூட மறந்துவிட்டேன். தார்ப்பாயைச் சுற்றிலும் வெள்ளையடித்த மனைக்கற்கள். தலையில் சிவப்புப் பெயின்ட்டில் நம்பர் போட்டது. நெல்லும் வந்து, நிலமும் போய்விட்டதா?

கலாவதி என்னைப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே பாதி உயிர் வந்தது. நேற்றே அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசிவிட்டார்களாம், விற்பதில்லை என்று. எப்படியும் சம்பா கவிழும் என்று நம்பிக் கற்களை முன்கூட்டியே அனுப்பிவிட்டது ரவியின் ஆபீஸ். திரும்ப எடுத்துப்போகச் சொல்லி ரவியே சொல்லிவிட்டாராம், லாரி இன்னும் வரவில்லை. நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், அதற்கெல்லாம் தெம்பு இல்லை. ஒரு பெரிய மூட்டையை முதுகில் இருந்து இறக்கி வைத்தால் வருமே, அந்த நிம்மதி.

ரவி தலையில் துண்டு கட்டிக்கொண்டு நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கடல் காற்று எழும்பித் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியது. அவர் ஓடிப்போய் இன்னொரு மனைக்கல்லைத் தூக்கி வந்து அதன்மேல் வைத்தார். ஆபீஸில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். அவர் கல்லின் தலையைத் தட்டிக்கொடுத்தபடி சொன்னார்: "காத்து அடிக்குதுங்க, நெல்லு பறந்துடப் போவுது. கல்லு நல்ல கல்லு, சும்மா கெடக்க வுடுவானேன்?"

நான் விற்ற விதைகளிலேயே ஒரு மணிகூடக் களத்துக்கு வராத விதைதான், அந்த வருஷம் என்னை ஜெலுசில் இல்லாமல் சாப்பிட உட்கார வைத்தது.